சிபாரிசுக்கும் ஒரு கடைசி தேதி வேணும்

டிரான்ஸ்ஃபர் கேக்கப் போற ஒருத்தருக்கு நம்ம ஊர்ல கிடைக்கிற முதல் அட்வைஸ் "மனு எழுது" இல்ல. "யாரையாவது பிடி". அதுக்கு அடுத்த அட்வைஸ் இன்னும் விசேஷம். "சரியான நேரத்துல பிடி".

இந்த "சரியான நேரம்" எதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பஞ்சாங்கம் வெச்சிருக்காங்க. ரொம்ப முன்னாடியே சொல்லி வெச்சா பெரியவர் மறந்துடுவாராம். ரொம்ப லேட்டானா இடம் போயிடுமாம். ஃபைல் செக்‌ஷன்ல இருந்து அதிகாரி மேசைக்குப் போற அன்னிக்குக் காலையில போன் வந்தாத்தான் வேலை நடக்குமாம். தினசரி காலண்டர்ல ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்துல "சிபாரிசு நேரம்"னு ஒரு கட்டம் போடாததுதான் பாக்கி :-)

இதைக் கிண்டல் பண்ணிட்டு நகர்ந்துடலாம். ஆனா நான் சொல்ல வர்றது வேற. நேரம் பாக்கறவங்க தெரிஞ்சோ தெரியாமலோ சரியான இடத்துலதான் கை வெச்சிருக்காங்க. ஒரு சிபாரிசு நியாயமானதா இல்லையான்னு அதுல இருக்கிற வார்த்தைகளை வெச்சுக் கண்டுபிடிக்கறது கஷ்டம். அது எப்போ வந்துச்சுன்னு பாத்தா பெரும்பாலும் தெரிஞ்சுடும். அதனால என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். அரசு ஆபீஸோ, பேங்கோ, கம்பெனியோ, இடமாறுதல் மனுவுக்குக் கடைசி தேதி இருக்கிற மாதிரி சிபாரிசுக்கும் ஒரு கடைசி தேதி வேணும். அதைத் தாண்டி வர்ற எந்த சிபாரிசும், அது யார்கிட்ட இருந்து வந்தாலும், யாருக்காக வந்துச்சோ அவருக்கு மைனஸ் பாயிண்டா கணக்குல ஏறணும்.

"இது நடக்கற காரியமா?"னு சிரிக்கறவங்க கொஞ்சம் பொறுங்க. அங்கயும் வர்றேன்.

சான்று வேற, அழுத்தம் வேற

சிபாரிசுன்னாலே அயோக்கியத்தனம்னு சொல்ற கட்சி நான் இல்ல. பத்து வருஷம் ஒருத்தரோட வேலை பாத்த சூப்பிரண்டு, "இவங்க சம்பளப் பட்டியல் போட்டா திருப்பி சரிபார்க்க வேண்டியதில்ல, ஆடிட் ஆட்சேபணைக்குப் பதில் எழுதவும் தெரியும், நீங்க கேக்கற செக்‌ஷனுக்குப் பொருத்தம்"னு எழுதிக் குடுத்தா அது தகவல். புது இடத்துல இருக்கற அதிகாரிக்கு அந்தத் தகவல் வேணும். மனுவுல இருக்கற பேரையும் பணியில சேர்ந்த தேதியையும் வெச்சு அவருக்கு என்ன தெரிஞ்சுடும்? இந்த மாதிரி சிபாரிசை நான் சான்றுன்னு சொல்றேன்.

இன்னொரு வகை இருக்கு. "நம்ம பையன்தான், கொஞ்சம் பாத்துக்கோங்க". இதுல பையனைப் பத்தி ஒரு தகவலும் இல்ல. பேசறவர் யாருங்கறது மட்டும்தான் தகவல். இது அழுத்தம்.

இப்போ நேரத்தைக் கவனிங்க. சான்றுக்கு அவசரமே கிடையாது. சம்பளப் பட்டியல் ஒழுங்கா போடுவாங்கங்கற உண்மை தை மாசத்துலயும் உண்மைதான், சித்திரையிலயும் உண்மைதான். அதை மனுவோட சேர்த்து முன்கூட்டியே குடுத்துட்டா ஒரு நஷ்டமும் இல்ல. அழுத்தத்துக்கு அப்படி இல்ல. எந்த இடம் காலி, போட்டிக்கு யார் யார் இருக்காங்க, ஃபைல் இப்போ யார் மேசையில இருக்குங்கறதெல்லாம் தெரிஞ்ச பிறகுதான் அது சரியா குறி பாக்க முடியும். அதனாலதான் அது எப்பவும் கடைசி நிமிஷத்துல வருது. அதனாலதான் அது பேப்பர்ல வராம போன்ல வருது.

கடைசி தேதி ஒண்ணு வெச்சுட்டா, சான்றுக்கு ஒரு பாதிப்பும் இல்ல. அழுத்தத்துக்கு மட்டும்தான் மூச்சு முட்டும். ஒரு விதி நல்லவங்களைத் தொந்தரவு பண்ணாம மத்தவங்களை மட்டும் பிடிக்குதுன்னா அதுக்கு மேல என்ன வேணும்?

காமர்ஸ்காரன் கண்ணுக்கு இது புதுசு இல்ல

நாங்க படிக்கிற பாடத்துல இது சாதாரண விஷயம். டெண்டர் எடுத்துக்கோங்க. பெட்டியில போடறதுக்கு ஒரு தேதி, ஒரு மணி. தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1998ல ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துச்சு. நேரம் தாண்டி வந்த டெண்டர்ல விலை எவ்வளவு குறைச்சலா இருந்தாலும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. ஏன்? லேட்டா வர்றவனுக்கு மத்தவங்க விலை தெரிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு. அவன் உண்மையிலேயே பஸ் பிடிக்க முடியாம லேட்டா வந்திருக்கலாம். ஆனா அதை ஆராய்ஞ்சு பாத்துட்டு இருக்க முடியாது. தேதிதான் நீதிபதி.

ஷேர் மார்க்கெட்லயும் இதே கதைதான். செபியோட 2015 விதிகள்படி, கம்பெனியின் உள்விவரம் தெரிஞ்சவங்க காலாண்டு முடிஞ்சதுல இருந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் வரைக்கும் அந்தக் கம்பெனி பங்கைத் தொடக் கூடாது. பங்கு வாங்கறது தப்பில்ல. அந்த நேரத்துல வாங்கறதுதான் தப்பு.

கொஞ்சம் பழைய உதாரணமும் இருக்கு. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லயும் 921லயும் வெட்டினது. குடவோலை முறைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு தகுதியெல்லாம் முன்கூட்டியே பேசி முடிச்சுடுவாங்க. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. ஓலை குடத்துக்குள்ள போன பிறகு எடுக்கறது ஒரு சின்னப் பையன். நிலம் வெச்சிருந்த ஆண்களுக்கு மட்டுமான முறை, அதுல ஆயிரம் குறை சொல்லலாம். ஆனா எப்போ பேசணும், எப்போ வாயை மூடணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

தடை போட்டு என்ன ஆச்சு?

"சிபாரிசே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டா முடிஞ்சது"ன்னு சிலர் சொல்லுவாங்க. ஐயா, போட்டாச்சு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகள்ல 20ஆவது விதி இதேதான். தன்னோட பணி சம்பந்தமான விஷயத்துல மேலதிகாரி மேல அரசியல் செல்வாக்கையோ வேற வெளிச் செல்வாக்கையோ செலுத்த முயற்சி பண்ணக் கூடாது. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வெளிச் செல்வாக்கு நின்னு போச்சா?

ஏன் நிக்கலைன்னா, அந்த விதி எல்லா சிபாரிசையும் ஒரே மூட்டையா கட்டிடுச்சு. நேர்மையா எழுதிக் குடுக்க நினைக்கிற சூப்பிரண்டு "எதுக்கு வம்பு"ன்னு பேனாவை மூடிடறார். போன் பண்றவரோ எந்த விதியையும் படிச்சுட்டுப் பண்றதில்ல. தடையால சான்று செத்துப் போச்சு, அழுத்தம் மட்டும் உயிரோட இருக்கு. நல்ல காசு பதுங்கி, செல்லாத காசு புழங்கற கதை.

எங்க அத்தை ஒரு அரசு ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க. ரெண்டு பஸ் மாறிப் போகணும், போக வர நாலு மணி நேரம். வீட்டுக்குப் பக்கத்து ஆபீஸுக்கு மாறுதல் கேட்டு மூணு வருஷமா மனு. மூணாவது வருஷம் அவங்க சூப்பிரண்டு தைரியமா ஒரு நல்ல குறிப்பும் எழுதி மனுவோட வெச்சு அனுப்பினார். அந்த இடம் அவங்களுக்கு ரொம்ப ஜூனியர் ஒருத்தருக்குப் போச்சு. ஆர்டர் டைப் ஆன அன்னிக்கு மதியம் ஒரு போன் வந்ததா ஆபீஸ் முழுக்கப் பேச்சு. "நீங்களும் யாரையாவது பாத்திருக்கலாமே அத்தை"ன்னு கேட்டேன். "யாரைப் போய் பாக்கறதுப்பா? எனக்குத் தெரிஞ்சதிலயே பெரிய ஆளு எங்க சூப்பிரண்டுதான்"னாங்க.

இந்தப் பதில்ல எல்லாமே இருக்கு. சான்று எல்லாருக்கும் கிடைக்கும், ஏன்னா எல்லாருக்கும் ஒரு சூப்பிரண்டு இருக்கார். கடைசி நாள் போன் எல்லாருக்கும் கிடைக்காது. அதுக்கு உங்க அப்பா யாரு, சாதி என்ன, கல்யாணத்துக்கு யாரெல்லாம் வந்தாங்கங்கற கணக்கு வேணும். அந்த போனுக்கு மதிப்பு குடுக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு ஆபீஸ் தன்னோட ஊழியர்கள்கிட்ட என்ன சொல்லுது? "நீ எப்படி வேலை பாத்தாலும் எனக்கு ஒண்ணுதான், உனக்கு யாரைத் தெரியும்?"

இது ஒரு தனி ஆளோட வருத்தம்னு ஒதுக்கிடவும் முடியாது. ராபர்ட் வேட்ங்கற ஆராய்ச்சியாளர் தென்னிந்தியாவுல கால்வாய்ப் பாசனத் துறையை ஆராய்ஞ்சு 1982ல ஒரு கட்டுரை எழுதினார். நல்ல இடத்துக்கு மாறுதல் வாங்க என்ஜினீயர்கள் காசு குடுக்கறாங்க, அந்தக் காசை எடுக்கறதுக்காக விவசாயிகள்கிட்டயும் காண்ட்ராக்டர்கள்கிட்டயும் வசூல் பண்றாங்க, இடமாறுதல்தான் இந்த மொத்த மெஷினையும் ஓட்டற அச்சுன்னு காட்டினார். டிரான்ஸ்ஃபர்ல நடக்கற அநியாயத்துக்குக் கடைசியில பில் கட்டறது கடைமடை விவசாயி.

"பிரைவேட்ல ரெஃபரலுக்குக் காசே தர்றாங்களே!"

தர்றாங்க. ஆனா அந்த ரெஃபரல் எப்படி இருக்குன்னு பாருங்க. விண்ணப்பம் போடும்போதே வருது. சிபாரிசு பண்றவர் பேர், எம்ப்ளாயி நம்பர் எல்லாம் சிஸ்டத்துல பதிவாகுது. அப்புறம் ஆள் சரியில்லைன்னா யார் அனுப்பினதுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் கேக்கற ரெண்டு விஷயமும், அதாவது தேதியும் கையெழுத்தும், அதுல இருக்கு. அதே கம்பெனியில ஒரு டீம்ல இருந்து இன்னொரு டீமுக்குப் போகணும்னா மட்டும் காபி மெஷின் பக்கத்துல நின்னு "மச்சி, அந்த மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்"னு ஆகிடுது.

இப்படிச் சொல்லி வெச்சு ஆள் எடுத்தா கம்பெனிக்காவது லாபமா? அதுவும் இல்ல. ஜே.ஆர். கெல்லர்ங்கற பேராசிரியர் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்துல நடந்த 11,000க்கும் மேற்பட்ட உள் நியமனங்களை ஆராய்ஞ்சு 2018ல வெளியிட்டார். மேனேஜர் தனக்குத் தெரிஞ்ச ஆளை நேரா உட்கார வெச்ச இடங்களை விட, "இடம் காலி, யார் வேணா விண்ணப்பிக்கலாம்"னு அறிவிச்சு நிரப்பின இடங்கள்ல வந்தவங்க நல்லா வேலை பாத்திருக்காங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல கதவைத் திறந்தா நல்ல ஆள் உள்ள வர்றான். இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

மறுத்துப் பேசறவங்களுக்கு

ஒண்ணு. "கடைசி தேதிக்கு முன்னாடியே அழுத்தம் குடுப்பாங்களே?" குடுப்பாங்க. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பொது மாறுதல் கலந்தாய்வு நடக்குது. காலியிடப் பட்டியலை வெச்சு, முன்னுரிமை, சீனியாரிட்டி வரிசைப்படி ஒவ்வொருத்தரா இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி நிமிஷ போனுக்கு அங்க வேலை குறைவு. ஆனா பல வருஷமா ஆசிரியர் சங்கங்கள் சொல்ற புகார் என்ன? நல்ல காலியிடங்களைப் பட்டியல்லயே காட்டாம மறைச்சுடறாங்க, நிர்வாக மாறுதல்ங்கற பேர்ல தனியா ஆர்டர் போடறாங்கன்னு. முன் கதவுல பூட்டு போட்டதும் அழுத்தம் கொல்லைப் பக்கம் போயிருக்குன்னுதான் இதுக்கு அர்த்தம். அதனால என் கோரிக்கைக்கு ஒரு மறுபாதி இருக்கு. காலியிடப் பட்டியல் முதல்ல வெளியாகணும். வெளியான நாள்ல இருந்து அடுத்த சுற்று வரைக்கும் பட்டியலுக்கு வெளியே ஒரு மாறுதலும் கூடாது. ஊழியருக்கு மட்டும் தேதி, அதிகாரிக்குத் தேதி இல்லைன்னா அது விதியே இல்ல. கர்நாடகா 2007லயே ஆசிரியர் இடமாறுதலுக்குன்னு தனிச் சட்டம் போட்டுச்சு. ஹரியானா 2016ல ஆசிரியர் மாறுதலை ஆன்லைனுக்குக் கொண்டுபோச்சு. முடியாத காரியம்னு யாரும் சொல்ல வேண்டாம்.

ரெண்டு. "பெரிய இடத்து போன் வந்தா எந்த அதிகாரி மைனஸ் போடுவார்?" தனியா விட்டா போட மாட்டார்தான். அதனாலதான் பதிவேடு வேணும். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு வர்ற வாய்மொழி உத்தரவை எழுத்துல பதிவு பண்ணணும்னு 2013 அக்டோபர் 31ஆம் தேதி டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மேல இருக்கறவங்களுக்குக் கிடைச்ச அதே பாதுகாப்பைக் கீழ இருக்கற அதிகாரிக்கும் குடுங்க. கடைசி தேதிக்கு அப்புறம் யார் போன் பண்ணாலும் தேதி, நேரம், பேர் எழுதி, மாறுதல் ஆர்டரோட சேர்த்து வெளியிடணும். 2005ல இருந்து தகவல் உரிமைச் சட்டம் வேற இருக்கு. தன் பேர் நோட்டீஸ் போர்டுல வரும்னு தெரிஞ்சா பாதிப் பேர் போனையே எடுக்க மாட்டாங்க.

மூணு. "கடைசி தேதிக்கு அப்புறம் ஒருத்தருக்கு கேன்சர்னு தெரிய வந்தா?" இது நியாயமான கேள்வி. ஆனா அவங்களுக்குத் தேவை டாக்டர் சர்டிபிகேட்டை ஏத்துக்கற ஒரு வழி. எம்.எல்.ஏ. லெட்டர் இல்ல. கணவன் மனைவியை ஒரே ஊர்ல போடறதுக்கு மத்திய அரசு 2009ல விரிவான வழிகாட்டி விதிகள் வெளியிட்டுச்சு. அந்த மாதிரி நோய்க்கும், மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும், திடீர் இழப்புக்கும் எழுதப்பட்ட வழி இருக்கணும். கஷ்டத்துல இருக்கறவங்களைச் சிபாரிசுக்கு அலைய விடறது ரெண்டாவது தண்டனை.

நாலு. "என் பாஸ் நல்லதா எழுதித் தரவே மாட்டார், ஆளை விட மனசு வராது." உண்மை. இங்க்ரிட் ஹேகலேங்கற பொருளாதார அறிஞர் ஒரு பெரிய ஜெர்மன் நிறுவனத்தை ஆராய்ஞ்சதுல, இப்படிப் பிடிச்சு வெக்கற மேனேஜர்கள் தாங்களே வேற இடம் போகப் போற சமயத்துல, அவங்க கீழ இருக்கறவங்க பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கறது ரெண்டு மடங்குக்கு மேல ஆகியிருக்கு. அவ்வளவு பேர் வாயை மூடிட்டு இருந்திருக்காங்க! இதுக்கும் தேதியும் எழுத்தும்தான் மருந்து. மறுக்கறதா இருந்தா மேலதிகாரி கடைசி தேதிக்குள்ள காரணத்தோட எழுத்துல மறுக்கட்டும். எழுதலைன்னா சம்மதம்னு அர்த்தம். முன்னாடி வேலை பாத்த இடத்து மேலதிகாரிகிட்ட சான்று வாங்கவும் அனுமதி வேணும்.

அதுவரைக்கும்?

விதி வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னு கேப்பீங்க. காலியிடம் தெரியறதுக்கு முன்னாடியே உங்க வேலையை நேர்ல பாத்த மேலதிகாரிகிட்ட போய்க் கேளுங்க. "நல்லவர், வல்லவர்"னு வேண்டாம், என்ன வேலை எத்தனை வருஷம் பண்ணீங்கன்னு எழுதித் தரச் சொல்லுங்க. மனுவோட சேர்த்துக் குடுங்க. நகல் வெச்சுக்கோங்க. கடைசி தேதி முடிஞ்ச பிறகு யாரையும் பாக்கப் போகாதீங்க. "நான் ஒருத்தன் போகாம இருந்தா என்ன மாறிடும்?"னு தோணும். உங்களுக்குப் பதிலா இடம் இழக்கப் போறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பெரும்பாலும் அது போன் பண்ண ஆள் இல்லாத ஒருத்தரா இருக்கும், ரெண்டு பஸ் மாறி வர்றவங்களா இருக்கும்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. அகவிலைப்படிக்குப் போராடறீங்க, ஓய்வூதியத்துக்குப் போராடறீங்க, ரொம்ப சரி. அடுத்த மாநாட்டுத் தீர்மானத்துல இந்த மூணு வரியையும் சேர்த்துக்கோங்க. காலியிடப் பட்டியலுக்கு ஒரு தேதி. சிபாரிசுக்கு ஒரு கடைசி தேதி. அதுக்கு அப்புறம் வர்ற போனுக்கு ஒரு பதிவேடு. அரசாங்கத்துக்கு இதனால ஒரு பைசா செலவு கிடையாது. அப்புறமும் மாட்டேன்னு சொன்னாங்கன்னா, யாரோட போனுக்காகக் காத்திருக்காங்கன்னு நேராவே கேட்டுடலாம்.